மண்ணையா பாடினார்கள்?

     

'இலக்கியங்கள் நாடு என்று போற்றுவது பெரிதும் மண்ணையே! மக்களையே!' இது தலைப்பு. மக்களையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னாலே பேசிய சகோதரி கங்கையிலே ஆரம்பிச்சாங்க, இமயமலையிலே ஏறினாங்க, குமரி முனையிலே வந்து இறங்கினாங்க. பத்து நிமிஷத்திலே இவ்வளவு தூரம் எந்த எக்ஸ்பிரஸ் வண்டியும் போனது கிடையாது. (சிரிப்பு) ஆனா நடுவர் அவர்களே, அவ்வளவு தூரம் போனாங்களே, வழியிலே ஒரு மனுஷனையாவது பார்த்தாங்களா? மலையைச் சொன்னாங்க, ஆற்றைச் சொன்னாங்க, கடலைச் சொன்னாங்க. ஒரு ஆளைச் சொல்லலையே! (கைதட்டல்)

வள்ளுவரை இழுத்தாங்க. 'நாடு' என்று ஒரு அதிகாரமே வச்சிருக்கார், அதிலே நீர்வளமும் மலைவளமும் நாட்டுக்கு உறுப்பு என்கிறார், இது மண்தானே என்றாங்க. சரிதானம்மா. பத்துக் குறள் இருக்கே, ஒண்ணை மட்டும் உருவிக்கிட்டு வந்தா எப்படி? அதே அதிகாரத்திலே முதல் குறளைப் பாருங்க. குறையாத விளைச்சல் வேணும் என்கிறார், அதோடு விட்டாரா? தகுதி உள்ள பெரியவர்களும் சேர்ந்து இருந்தால்தான் நாடு என்கிறார். இன்னொரு குறளிலே, பல கூட்டமாப் பிரிஞ்சு நிற்கிறதும், உள்ளேயே இருந்து பாழாக்குகிற பகையும் இல்லாமல் இருப்பதுதான் நாடு என்கிறார். கூட்டம் பிரிகிறது மண்ணா? மண் என்றைக்காவது கட்சி கட்டிச் சண்டை போட்டிருக்கா? (சிரிப்பு) கடைசிக் குறளிலே ஒரே போடாகப் போடுகிறார். எல்லாம் இருந்தாலும் ஆள்கிறவனோடு பொருந்துகிற நிலை இல்லையென்றால் அத்தனையும் வீண் என்கிறார். ஆற்றோடு மலை பொருந்துவதைப் பற்றியா பேசுகிறார்? மனுஷனோடு மனுஷன் பொருந்துவதைப் பற்றித்தானே!

வள்ளுவரை விடுங்க. புறநானூற்றிலே ஔவையார் 187ஆம் பாட்டிலே நேராக நிலத்தையே கூப்பிட்டுப் பேசுகிறார். நாலே வரிப் பாட்டு. அந்தப் பாட்டின் கருத்தை நம்ம பேச்சிலே சொன்னால் இப்படித்தான்: "ஏ நிலமே! நீ வயக்காடா இருந்தா என்ன, வெறுங்காடா இருந்தா என்ன? பள்ளமா இருந்தா என்ன, மேடா இருந்தா என்ன? உன் மேலே வாழுறவன் நல்லவன்னா நீயும் நல்லவ. அம்புட்டுத்தான். உனக்குன்னு தனியா ஒரு பெருமையும் கிடையாது." (கைதட்டல்) அந்தப் பாட்டிலே 'ஆடவர்' என்று இருக்கே என்று தாய்மார்கள் கோபிக்க வேண்டாம். ஆம்பளைகளைத் திருத்தினால் ஊர் தானாகத் திருந்தும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது! (பலத்த சிரிப்பு)

இப்போ பாரதிக்கு வருவோம். இமயமலையைப் பாடினான், கங்கையைப் பாடினான். ஒத்துக்கிறேன். ஆனா எதுக்காகப் பாடினான்? கங்கைக் கரையிலே விளையும் கோதுமையை வாங்கிக்கிட்டு, பதிலுக்கு நம்ம காவிரிக்கரை வெற்றிலையைக் கொடுக்கலாம் என்று ஒரு பண்டமாற்று ஏற்பாடு பண்ணுகிறான். வெற்றிலை எதுக்கய்யா? மெல்லுகிறதுக்கு! அவன் கண்ணுக்கு ஆறு தெரிகிறபோதே, அந்த ஆற்றங்கரையிலே வெற்றிலை போடுகிற வாயும், ரொட்டி தின்கிற வாயும் தெரிந்துவிடுகிறது. காசியிலே ஒரு புலவர் பேசினால் காஞ்சிபுரத்திலே இருந்து கேட்பதற்கு ஒரு கருவி செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டானே, அது மலைக்கும் மலைக்கும் பேச்சுவார்த்தை நடத்தவா? (சிரிப்பு) அந்தக் கருவியிலேதான் இன்றைக்கு நாங்க ரெண்டு அணியும் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறோம் என்பது வேற விஷயம்.

அவன் பாட்டிலே ஒண்ணு இருக்கு. படித்தால் ராத்திரி தூக்கம் வராது. ஃபிஜித் தீவிலே கரும்புத் தோட்டத்திலே வேலை செய்த நம்ம பெண்களைப் பற்றிப் பாடினான். 1879லே தொடங்கி 1916 வரைக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக ஃபிஜிக்கு ஏற்றினார்கள். பாரதி அந்தத் தீவைக் கண்ணாலே பார்த்தது இல்லை. அது இந்திய மண்ணும் இல்லை. எதிரணியினுடைய கணக்குப்படி பார்த்தால், அந்தப் பெண்களுக்காக அவன் ஏன் அழணும்? அந்த அழுகைக்கு நாட்டுப்பற்று என்று பெயர் உண்டா இல்லையா? சகோதரி பதில் சொல்லட்டும். (கைதட்டல்)

இதுக்கு மறுபக்கமும் ஒண்ணு இருக்கு. 1943லே நேதாஜி சிங்கப்பூரிலே ஜான்சி ராணிப் படை அமைத்தார். தலைமை கேப்டன் லட்சுமி. அதிலே சேர்ந்த பெண்களிலே நிறையப் பேர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகள். இந்திய மண்ணை ஒரு பிடி கூட மிதித்தது கிடையாது. அந்த மண்ணுக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள் என்றால், அவர்களுக்கு 'நாடு' என்பது ஆத்தா பாடின தாலாட்டு, அப்பன் சொன்ன ஊர்க்கதை. அவ்வளவுதான். அந்த உலகத்தைத்தான் நம்ம சிங்கம்புணரிக்காரர் ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி' என்று நாவலாக எழுதினார். 1972லே வந்தது. வந்தபோது தமிழ்நாடு சரியாகக் கவனிக்கவில்லை. மதுரையிலே ஒரு பத்திரிகை அலுவலகத்திலே வேலை பார்த்துக்கொண்டு, தனியாக ஒரு அறையிலே வாழ்ந்து 1997லே மறைந்தார். அது நம்ம பாவக்கணக்கு. இந்தத் தலைப்புக்குள்ளே வராது, போகட்டும்.

எதிரணியிலே இரண்டாவதாகப் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி. "கார்கிலிலே 1999லே புல் கூட முளைக்காத பனிமலையிலே நம்ம சிப்பாய் உயிரைக் கொடுத்தானே, அங்கே எந்த மக்கள் இருந்தார்கள்? மண்ணுக்காகத்தானே செத்தான்?" என்றார். அந்தச் சிப்பாயை வச்சுச் சிரிப்புக் காட்ட நான் தயாரில்லை. பதில் மட்டும் சொல்கிறேன். அந்தச் சிகரத்திலே நின்று கீழே பார்த்தால் என்ன தெரியும்? ஸ்ரீநகரிலிருந்து லே போகிற சாலை தெரியும். லடாக்கிலே இருக்கிற மக்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் மருந்தும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகணும். மேலே எதிரி உட்கார்ந்துவிட்டால் கீழே அடுப்பு எரியாது. அவன் காத்தது பனிக்கட்டியை இல்லை நண்பரே, அந்த அடுப்பை! (நீண்ட கைதட்டல்)

தாகூரைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு நாடுகளுக்குத் தேசிய கீதம் கொடுத்த மனிதர். அவர்தான் 1916லே ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய், தேசியவெறி ஆபத்து என்று மேடை மேடையாகப் பேசினார். அதே 1916லே நூலாக வந்த அவருடைய 'கரே பாய்ரே' நாவலிலே, நாட்டுப்பற்று என்ற பேரிலே அந்நியத் துணியைக் கொளுத்துகிறார்கள். யாருடைய துணி? ஏழை வியாபாரியினுடைய துணி. நாடு வாழ்கிறது, அவன் பிழைப்பு எரிகிறது. இது என்ன கணக்கு என்று தாகூர் கேட்கிறார். பாட்டு எழுதிக் கொடுத்தவருக்கே அந்தச் சந்தேகம் வந்திருக்கு, பாருங்க.

இப்போ ஒரு கதை சொல்கிறேன். கொஞ்சம் அமைதியாகக் கேட்கணும். சாதத் ஹசன் மாண்ட்டோ என்று ஒரு உருது எழுத்தாளர். பஞ்சாபிலே பிறந்தவர். பம்பாயிலே சினிமாவுக்கு எழுதிக்கொண்டிருந்தார். பிரிவினைக்குப் பிறகு 1948லே லாகூர் போனார். 1955லே 42 வயதிலே இறந்துபோனார். அவருடைய 'டோபா டேக் சிங்' கதை இது. நாட்டைப் பிரித்தாச்சு, ஒரு கோடிப் பேருக்கு மேலே இடம் மாறியாச்சு. அப்புறம் இரண்டு அரசாங்கங்களுக்கும் ஞாபகம் வருது: பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலே இருக்கிறவர்களையும் பிரித்துக்கொள்ளணுமே! லாகூர் ஆஸ்பத்திரியிலே ஒரே குழப்பம். நேற்று வரைக்கும் இந்தியாவிலே இருந்தோம், இடத்தை விட்டு நகரவே இல்லை, இன்றைக்கு எப்படிப் பாகிஸ்தானிலே இருக்கிறோம்? ஒரு பைத்தியம் மரத்திலே ஏறிக்கொண்டு, எனக்கு இரண்டு நாடும் வேண்டாம், மரத்திலேயே இருந்துக்கிறேன் என்கிறது. (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். நானும் முதல் தடவை படித்தபோது சிரித்தேன்.

அங்கே பிஷன் சிங் என்று ஒரு சீக்கியர். பதினைந்து வருஷமாக உட்காராமல் நின்றுகொண்டே இருக்கிறார். கால் இரண்டும் வீங்கிப்போச்சு. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: என் ஊர் டோபா டேக் சிங் எங்கே இருக்கு? இந்தியாவிலா, பாகிஸ்தானிலா? யாருக்கும் சொல்லத் தெரியலை. ஊரிலிருந்து பழைய சிநேகிதர் ஃபசல்தீன் பார்க்க வருகிறார். உன் குடும்பத்தார் பத்திரமாக இந்தியாவுக்குப் போயிட்டாங்க என்கிறார். மகளைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கு வார்த்தை தடுமாறுது. அந்தத் தடுமாற்றத்தை மாண்ட்டோ விளக்கவில்லை. நமக்குப் புரியும். கடைசியிலே எல்லைக்குக் கொண்டு வருகிறார்கள். உன் ஊர் பாகிஸ்தானிலே இருக்கு என்று தெரிந்ததும், இந்தியப் பக்கம் போக மாட்டேன் என்று நடுவிலேயே நிற்கிறார். விடியப் போகிற நேரத்திலே ஒரு அலறல். இந்தப் பக்கம் முள்வேலிக்குப் பின்னாலே ஒரு நாடு, அந்தப் பக்கம் முள்வேலிக்குப் பின்னாலே இன்னொரு நாடு. நடுவிலே, பேர் இல்லாத நிலத்திலே, குப்புற விழுந்து கிடக்கிறார்.

சகோதரி கையைத் தூக்குகிறார்கள். தெரியும், தெரியும். "ஊருக்காகத்தானே நின்றான், ஊர் மண்தானே" என்று கேட்கப் போறீங்க. பாதி ஒத்துக்கிறேன் அம்மா. மண்ணை விட்டுப் பெயர்த்தால் மனுஷன் செத்துப்போவான், அது உண்மை. ஆனா மாண்ட்டோ யாருக்காக அழுகிறார்? டோபா டேக் சிங் ஊருக்கு ஒண்ணும் ஆகலை. அது இருந்த இடத்திலேயே இருக்கு, அங்கே கோதுமை விளையுது. செத்தது பிஷன் சிங். (கைதட்டல்)

நான் கல்லூரியிலே படித்த காலத்திலே எங்க தெரு முக்கிலே ஒரு பாட்டி இட்லி சுட்டு விற்பார்கள். 1962லே பர்மாவிலே ராணுவ ஆட்சி வந்த பிறகு அங்கிருந்து வந்தவர்கள். ஒரு ஆகஸ்டு பதினைந்து அன்றைக்கு, சட்டையிலே கொடி குத்திக்கொண்டு போய் நான் பெரிய மேதாவி மாதிரிக் கேட்டேன்: "பாட்டி, உங்களுக்கு எது சொந்த நாடு?" பாட்டி தட்டை எடுக்கிற கையை நிறுத்தவே இல்லை. "ரங்கூன்ல இருந்தப்ப கலான்னாக. இங்க வந்தா பர்மாக்காரிங்கிறீக. வா ஆத்தா, உக்காருன்னு எவன் சொல்றானோ அது நம்ம நாடுய்யா. நேத்துத் தின்ன நாலு இட்லிக்குக் காசு வைக்காமப் போயிட்டியே, எடு!" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

மணி அடிச்சிட்டீங்க. ஒரே ஒரு நிமிஷம் நடுவர் அவர்களே, முடிச்சுடறேன். இலங்கை மலையகத்திலே சி. வி. வேலுப்பிள்ளை என்று ஒரு கவிஞர். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளரைப் பாடியவர். 1947லே தேர்தலிலே நின்று ஜெயித்துப் பாராளுமன்றத்துக்கே போனார். 1948லே வந்த குடியுரிமைச் சட்டத்திலே அவருடைய மக்கள் லட்சக்கணக்கிலே நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்கள் நட்ட தேயிலை அந்த நாட்டுத் தேயிலைதான். நட்டவர்கள் மட்டும் அந்த நாட்டுக்காரர்கள் இல்லை. 1964லே இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து, சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களிலே மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கச் சட்டம் வருவதற்கு 2003 ஆகிவிட்டது.

எனக்கு அடுத்து எதிரணித் தலைவர் பேசப் போகிறார். அவருக்கு ஒரே ஒரு கேள்வியை வச்சிட்டுப் போறேன். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்தார்களே அந்த ஒண்ணரை லட்சம் பேர், அவங்க காலுக்குக் கீழேயும் மண் இருந்துச்சே, அய்யா, அது அவங்களுக்கு எந்த நாட்டு மண்? அதுக்குப் பதில் சொல்லிட்டு, அவர் தாராளமா இமயமலை ஏறட்டும். (நீண்ட கைதட்டல்)