துண்டங்களுக்கு நடுவே நடந்தது யார்?

சபையாரே, தாய்மார்களே, நாற்காலி இருந்தும் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிற வாலிபர்களே,

நாளை இரவு பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி அடித்ததும் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கி முடிப்பதற்குள் ஒரு கூட்டம் பீடத்தை நோக்கி முண்டியடிக்கும். நற்கருணை வாங்கவா? இல்லை. எவர்சில்வர் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கிற வாக்குத்தத்த அட்டையை எடுக்க. அருவிப் படம், ரோஜாப்பூ, ஆட்டுக்குட்டி, அடியில் ஒரு வசனம். வந்த வசனம் பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏன் ஊரைச் சொல்ல வேண்டும்? ஒரு வருஷம் நானே அப்படிச் செய்தேன். உபத்திரவத்தில் பொறுமையாயிருக்கச் சொல்லும் வசனம் வந்தது. நானோ அப்போது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தேன். அதற்குத் தோதாக ஒன்று வேண்டியிருந்தது!

விடிந்ததும் நடக்கிற ஆராதனைக்குப் பெயர் உடன்படிக்கை ஆராதனை. 1755ஆம் ஆண்டு லண்டனில் ஜான் வெஸ்லி நடத்திவைத்து, மெதடிஸ்டுகள் வழியாக நம் கைக்கு வந்தது. இரவு அட்டைக்கு முண்டியடித்த கூட்டத்தில் பாதிப்பேர் காலையில் வருவதில்லை. வாங்க வேண்டியதை வாங்கியாயிற்றே!

நான் குற்றம் சாட்டத்தான் வந்திருக்கிறேன், மறைக்கவில்லை. உடன்படிக்கை என்ற சொல்லை நாம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டோம். சந்தையில் தரகர் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். அதேபோல் இன்று மேடையேறி, துண்டுக்கடியில் ஆண்டவருடைய விரலைப் பிடிக்கிறார்கள். நீ ஆயிரம் விதை, அவர் நூறு மடங்கு தருவார். நீ நாற்பது நாள் உபவாசம் இரு, அவர் விசா தருவார். இதற்கு உடன்படிக்கை என்று பேர் வைத்தது யார்?

ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆபிராம் கிழவன். பிள்ளை இல்லை. வானத்து நட்சத்திரங்களைக் காட்டி, உன் சந்ததி இப்படி இருக்கும் என்று கர்த்தர் சொல்கிறார். ஆபிராம் விசுவாசித்தான் என்று எழுதியிருக்கிறது. அடுத்த மூச்சிலேயே, தேசத்தைச் சுதந்தரிப்பேன் என்று எதினால் அறிவேன் என்று கேட்கிறான். விசுவாசித்தவன் கேட்கிற கேள்வியா இது என்று ஆண்டவர் அவனை விரட்டவில்லை. கிடாரியைக் கொண்டுவா என்கிறார்.

மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. மிருகங்களை நடுவாகப் பிளந்து, துண்டத்துக்கு எதிர்த்துண்டமாக அடுக்குகிறான். நடுவில் ஒரு பாதை. வெயில் ஏறுகிறது. இரத்த வாடைக்குப் பறவைகள் இறங்குகின்றன. கிழவன் துரத்துகிறான், அவை திரும்ப வருகின்றன, திரும்பத் துரத்துகிறான். எத்தனை மணி நேரம் அப்படி நின்றானோ! ஆண்டவரைக் காணோம். பொழுது சாயும்போது அயர்ந்து தூங்கிவிடுகிறான். அதன்பிறகுதான், நல்ல இருட்டில், புகைகிற சூளையும் நெருப்புச் சுவாலையும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன.

எபிரெய மொழியில் பெரும்பாலும் உடன்படிக்கை செய்தான் என்று சொல்வதில்லை. உடன்படிக்கையை வெட்டினான் என்றுதான் சொல்வார்கள். சிரியாவில் செஃபிரே என்னும் இடத்தில் கிடைத்த, கி.மு. 8ஆம் நூற்றாண்டின் அரமேயக் கல்வெட்டில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தக் கன்றுக்குட்டி வெட்டப்படுவதுபோல, வாக்குத் தவறினால் இன்ன ராஜா வெட்டப்படட்டும் என்று அதில் செதுக்கியிருக்கிறார்கள். வெட்டின துண்டங்களுக்கு நடுவே நடப்பதற்கு அதுதான் பொருள்: பேச்சு மாறினால் என் கதியும் இந்தக் கன்றின் கதிதான்.

இப்போது சொல்லுங்கள், அன்றைக்கு நடந்தது யார்? ஆபிராமா? அவன் தூங்குகிறான், ஐயா! கையெழுத்துப் போடவேண்டிய இரண்டு பேரில் ஒருவன் தூங்குகிறான். மற்றவர் தனியாக நடந்து, தண்டனையையும் தம் தலைமேலேயே எழுதிக்கொள்கிறார். எந்த ரிஜிஸ்தர் ஆபீசில் இந்தப் பத்திரம் செல்லும்?

பேரம் என்றால் என்ன என்று வேதத்துக்குத் தெரியாமல் இல்லை. அதே ஆதியாகமத்தின் 23ஆம் அதிகாரத்தில், ஆபிரகாம் என்று பெயர் மாறிவிட்ட ஆபிராமின் மனைவி சாராள் இறந்துபோகிறாள். புதைக்க இடமில்லை. எபிரோனில், பட்டணத்து வாசலில் பெரியவர்கள் கூடியிருக்க, நிலத்துக்காரன் எப்பெரோன் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று உபசாரமாகப் பேசுகிறான். பேசிக்கொண்டே, நானூறு சேக்கல் வெள்ளி நமக்குள் என்ன பெரிய காரியம் என்று விலையையும் செருகிவிடுகிறான். நம்மூர் நிலத் தரகர் தோற்றார்! ஆபிரகாம் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுக்கிறான். நிலம், குகை, எல்லைக்குள் நிற்கிற மரங்கள் வரைக்கும் சாட்சிகள் முன் உறுதியாகிறது. அதுதான் கிரயம். தேசம் முழுவதும் உனக்கு என்று வாக்குப் பெற்றவன், கடைசியில் காசு கொடுத்துக் கையில் வாங்கியது ஒரு கல்லறை! ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. இருபத்தைந்து வருஷம். நம் அட்டைக்கோ டிசம்பர் 31 வரைதான் கெடு.

அப்படியானால் விசுவாசம் என்பது என்ன? இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். எனக்குத் தெரிந்த ஒரு தாய், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போகிற மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். மகனுக்குச் சரியாகவில்லை. உனக்கு விசுவாசம் போதவில்லை அம்மா என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தாய் என்னிடம் வந்து, எவ்வளவு போதும் என்று கேட்டாள். கடையில் ரேட் கேட்கிற மாதிரி கேட்டாள், ஐயா. அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

எபிரெயத்தில் விசுவாசத்துக்கு எமூனா என்று சொல். நாம் வாய் ஓயாமல் சொல்கிற ஆமென் பிறந்த அதே வேர். உறுதியாய் நிற்பது, தள்ளாடாமல் இருப்பது என்று அர்த்தம். யாத்திராகமம் 17இல் அந்தச் சொல் கைகளைப் பற்றி வருகிறது. அமலேக்கியரோடு யுத்தம். மலையுச்சியில் மோசே கையை உயர்த்தி நிற்கிறார். கை கடுக்கிறது, தாழ்கிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவன் ஒரு பக்கமும் தாங்கிக்கொள்கிறார்கள். பொழுது அடையுமட்டும் அந்தக் கைகள் எமூனாவாய் இருந்தன. அடுத்தவன் தாங்கிப் பிடித்த கைக்கு, ஐயா, அந்தப் பெயர்! அந்தத் தாயின் கையைத் தாங்க வேண்டியவர்கள் அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

எல்லாம் அவரே செய்தால் நமக்குப் பொறுப்பே கிடையாதா, நியாயப்பிரமாணம் எதற்கு என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முகத்தைச் சுளிக்கிறார். பவுல் கலாத்தியருக்குக் கணக்கே போட்டுக் காட்டியிருக்கிறார்: பிரமாணம் வந்தது வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷம் கழித்து. பின்னால் வந்தது முன்னால் எழுதினதை ரத்து செய்யாது. ஆனால் பொறுப்பு இல்லை என்று நான் சொன்னேனா? எரேமியா 34க்கு வாருங்கள். நம் பிரசங்கிமார் யாரும் தொடாத அதிகாரம்.

கி.மு. 588 வாக்கில் பாபிலோன் படை எருசலேமை வளைத்து நிற்கிறது. ராஜா சிதேக்கியா. பயம் வந்ததும் பக்தி வந்தது. எபிரெய அடிமைகளை ஏழாம் வருஷத்தில் விடுதலை பண்ண வேண்டும் என்பது பிரமாணம். தலைமுறை தலைமுறையாக அதை யாரும் செய்யவில்லை. இப்போது பிரபுக்களும் ஆசாரியரும் தேவாலயத்தில் கூடி, கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, நடுவே நடந்து, அடிமைகளை அனுப்பிவிட்டார்கள். ஆண்களையும் பெண்களையும் அனுப்பிவிட்டார்கள். எகிப்திலிருந்து பார்வோன் சேனை வருகிற செய்தி கேட்டு பாபிலோன் படை பின்வாங்கியது. ஆபத்து நீங்கிற்று என்று தெரிந்ததும் போனவர்களை இழுத்துவந்து திரும்ப மாவாட்ட உட்காரவைத்தார்கள்!

அடிமையைத் திரும்பப் பிடித்ததை எரேமியா சம்பள விவகாரமாகப் பார்க்கவில்லை. கன்றின் துண்டங்களுக்கு நடுவே நடந்தவர்களே, அந்தக் கன்றுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கும் என்றான். அவர்கள் விடுதலை கொடுக்காததால், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் கர்த்தர் விடுதலை கொடுக்கிறார் என்றான். மேலே பார்த்துச் செய்த சத்தியத்தைப் பக்கத்தில் நிற்கிறவனிடம் முறித்தால், முறிந்தது எது?

நம் கதைக்கு வருகிறேன், கோபப்படாதீர்கள். வடக்கன்குளத்தில் ஜாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கால் வைத்துக் கட்டின கோவில் இருந்தது, கால்சட்டை மாதிரி. ஒரே பீடம், ஒரே அப்பம், நடுவே தடுப்பு. 1910இல் தடுப்பை இடித்தபோது, எங்கள் உரிமை போயிற்று என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றார்கள். கத்தோலிக்கர் கதை என்று சிரிக்காதீர்கள், சி.எஸ்.ஐ. காரரே, லுத்தரன் காரரே! நம்முடைய சபைகளில் ஜாதி உடனே ஒழிய வேண்டும் என்று பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை எழுதியது 1833இல். தஞ்சாவூரில் அதை எதிர்த்துச் சபையைவிட்டே போனார்கள். இன்றைக்கும் எத்தனை ஊரில் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வாசல்? பிட்ட அப்பத்தை வாங்கிக்கொண்டு, இது புது உடன்படிக்கை என்று ஆமென் சொல்கிறோம். பிட்கப்பட்டது யாருடைய சரீரம்? துண்டங்களுக்கு நடுவே தனியாக நடந்தவருடையது. அதைத் தின்றுவிட்டு, பக்கத்துப் பெஞ்சுக்காரனைப் பெண் கேட்டு வரவிடமாட்டோம்.

வாக்குத்தத்த அட்டை அச்சடிக்கிற ஒருவரிடம் போனவாரம் கேட்டேன். எரேமியா 34இல் ஒன்று போடுவீர்களா என்று. சிரித்தார். ஐயா, அதை எடுத்தவன் அடுத்த வருஷம் என்னிடம் வாங்குவானா என்றார். நல்ல வியாபாரி, அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

அதனால் நானே ஒன்று எழுதினேன். வெள்ளை அட்டை, பூ இல்லை, அருவி இல்லை. நீல மசியில் அதிகாரமும் வசன எண்ணும் மட்டும். சாயங்காலம் கோவில்குட்டியார் தட்டை அடுக்கும்போது, ஐயரவர்களிடம் சொல்லிவிட்டு, நடுவில் செருகிவிட்டேன். ஒரு மூலை மடங்கியிருக்கும். யார் கையில் வருகிறதோ, தயவுசெய்து திருப்பி வைத்துவிடாதீர்கள்.