காற்றும் நீரும் கலமும்
(காவேரிப்பாக்கத்தில் நிகழ்த்திய உரை)



காவேரிப்பாக்கத்துப் பேரேரி, 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவருமன் காலத்தது என்பர். அவனுக்கு அவனிநாரணன் என்றும் பெயர். அப்பெயரால் இவ்வூர் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. தமிழ் ஊருக்கு வடமொழிப் பட்டம்! அது நிற்க. கடல் கடந்து, தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டொன்றும் அவனிநாரணம் என்னும் குளத்தைக் கூறுகின்றது. மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினர் அக்குளத்தின் காவலர். பொறி இல்லாத அந்நாளில் தமிழர் அத்துணைத் தொலைவு சென்றது எங்ஙனம்?

பின்னிருந்து வீசும் காற்று பாயைத் தள்ளும், கலம் செல்லும். இது சிறுவரும் அறிந்ததே. வியப்பு, காற்று பக்கத்திலிருந்து வீசும்போதுதான் உள்ளது. புடைத்து வளைந்த பாயின் புறப்பக்கத்தே காற்று விரைந்தோடும். அங்கே அழுத்தம் குறையும். உட்பக்கத்தே அழுத்தம் மிகும். இவ்வேறுபாடு பாயை ஒருபக்கமாக உந்தும். அவ்வுந்துவிசையில் ஒரு பகுதி கலத்தைப் பக்கவாட்டில் தள்ளும். மற்றொரு பகுதி முன்னே செலுத்தும். பக்கவாட்டுத் தள்ளலை நீருள் ஆழ்ந்த அடிப்பகுதியும், நீருள் இறக்கிய பலகையும் தடுத்துவிடும். எஞ்சுவது முன்செலவே. ஈரப் புளியங்கொட்டையை இரு விரலால் நெருக்கினால் அது முன்னே துள்ளுகின்றதன்றோ? காற்று ஒரு விரல். நீர் மற்றொரு விரல். நீரில் கால்கொள்ளாத பஞ்சு, காற்று போகும் வழியே போகும். கலமோ தன் வழியைத் தானே தேரும். காற்றுக்கு நேர் எதிரே செல்லவியலாது. இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து ஏறவேண்டும். நீரோட்டமோ கலத்தை முழுமையாகத் தன்னொடு சுமந்து செல்வது. அதைக் கணக்கிடாத மீகான் கரை தவறுவான்.

இத்துணையும் சொல்வதற்கு எந்த அயற்சொல் வேண்டியிருந்தது? கீழ்க்காற்று கொண்டல், மேல்காற்று கோடை, வடகாற்று வாடை, தென்காற்று தென்றல் எனத் திசைதோறும் பெயரிட்ட மொழி இது. கரிகாலனின் முன்னோன் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியதை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் பாடியுள்ளார். ஆங்கிலேயர் நம் கட்டுமரத்தை அப்பெயரோடே கடன்கொண்டனர். ஆயினும் அறிவியலைத் தமிழில் கற்பிக்கவியலாது என்போர் இன்றும் நம் பள்ளிகளிலேயே உளர்!

தென்மேற்குக் காற்றில் கீழைக்கடல் கடந்தோர், வடகிழக்குக் காற்று எழும்வரை திரும்பவியலாது. திங்கள் பல அயற்கரையில் காத்திருத்தல் வேண்டும். காத்திருப்போர்க்கு நன்னீர் வேண்டாவோ? தகுவாபாக் குளத்தை அங்ஙனமே கருதத் தோன்றுகின்றது.