அண்ணாவிக்கு உரிய இடம்

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 27. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டிய குரல் அது. சின்னப் பிள்ளையாக மேடை ஏறியவர், இளைஞராகவே போய்விட்டார்.

அன்றைய தமிழ் நாடகமே இளமையை நம்பித்தான் நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்வ பால சபையில் ராஜா, ராணி, முனிவர், கிழவர் எல்லாரும் சிறுவர்கள்தான். பாய்ஸ் கம்பெனி என்று ஊரார் சொன்ன அந்தச் சபைகளில், மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையனுக்கு அடுத்த வேளை என்ன ஆகும் என்ற பயம் வந்துவிடும். ஔவையார் நாடகத்தில் டி.கே. சண்முகம் 1942இல் கூன் விழுந்த மூதாட்டியாக நடித்தபோது அவருக்கு வயது 30. நாடே அவரை ஔவை சண்முகம் என்று கொண்டாடியது. அவருடைய கலைத்திறனில் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: முதியவர் வேடத்துக்கு மேடையில் இடம் இருந்தது, முதியவருக்கு இடம் இல்லை.

அந்தப் பழக்கத்தை உடைத்தவர் நம் செங்கோட்டையோடு சம்பந்தப்பட்டவரே. கிட்டப்பா மறைந்தபோது அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். இத்தோடு அவர் கலைவாழ்வு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். நடந்தது வேறு. 1953இல், 45ஆவது வயதில், ஔவையாராகத் திரையில் வந்தார். 1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தி அடிகள். 1965இல் திருவிளையாடலில் மறுபடியும் ஔவை. அப்போது அவருக்கு 56 வயது. இன்று கே.பி.எஸ். என்றதும் நம் கண்ணில் வருவது நெற்றி நிறைய விபூதி பூசிய அந்தப் பாட்டிதான். வயது ஏற ஏற அந்தக் குரலுக்கு மதிப்பும் ஏறியது.

நேயர்களே, தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் என்று நம் வட்டாரம் முழுவதும் 60 வயதைக் கடந்தவர்கள் நிறைந்திருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அந்த வயதினர். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். பகல் பொழுது நீளமாக இருக்கிறது. இவர்களுக்கு நடிக்கவும் பாடவும் ஒரு மேடை வேண்டும் என்பதைத்தான் இன்று உங்களிடம் பேச வந்தேன்.

இதற்காக நாம் எங்கேயும் போய்ப் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. நம் ஊர்க் கோயில் கொடைகளை நினைத்துப் பாருங்கள். சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் ஆட்டம் நடக்கிறது. பெண் வேடமிட்டு, காலில் சலங்கை கட்டிச் சுற்றிச் சுற்றி ஆடுகிறவர்கள் இளைஞர்கள். மகுடம் என்ற தோல்கருவியை அடிக்க இரண்டு பேர். கதையைத் தன் கையில் வைத்துக்கொண்டு பாடி நடத்துகிறவர் அண்ணாவி. ஆட்டக்காரருக்குக் கால் வேண்டும். அண்ணாவிக்குக் கதை வேண்டும், ஞாபகம் வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற பழக்கம் வேண்டும். அது இருபது வயதில் வந்துவிடாது. முடி நரைத்த அண்ணாவி நின்றால் கொடை நடத்துகிறவர்களுக்கே ஒரு நிம்மதி.

வில்லுப்பாட்டு இன்னும் பொருத்தமானது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மூத்தோர் நாடகத்துக்கு இதைவிடத் தோதான வடிவம் உலகத்தில் வேறு இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம். வில்லுப்பாட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மணிகள் கோத்த நீளமான வில். அதற்குப் பின்னால் புலவர், இரண்டு கையிலும் வீசுகோல். பக்கத்தில் குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை. புலவர் ஒரு அடி பாடினால் மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். அவர் கதை சொன்னால் ஒருவர் ‘ஆமா’ போடுகிறார். அந்த ‘ஆமா’ நடிப்பு இல்லையா? ஆச்சரியத்துக்கு ஒரு ‘ஆமா’, துக்கத்துக்கு ஒரு ‘ஆமா’, கேலிக்கு ஒரு ‘ஆமா’ என்று குரலை மாற்றத் தெரிந்தவர் பெரிய நடிகர்.

முட்டு வலிக்காரர் இதில் நிற்க வேண்டியதில்லை. வசனம் முழுவதையும் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. ஒருவர் மறந்தால் அடுத்தவர் எடுத்துக் கொடுக்கலாம், அதுவே நிகழ்ச்சியின் அழகு. மூச்சு குறைந்தவருக்குக் கட்டை இருக்கிறது, குரல் போனவருக்கு ஜால்ரா இருக்கிறது. நம் முன்னோர் முதியவர்களை மனத்தில் வைத்து இதைச் செய்யவில்லைதான். ஆனாலும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவர்களுக்குச் சேருகிறது.

சாட்சி வேண்டுமானால் கலைமாமணி சுப்பு ஆறுமுகம் இருக்கிறார். 1928இல் நம் நெல்லைச் சீமையில் சத்திரபுதுக்குளத்தில் பிறந்தவர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனார். காந்தி கதையை வில்லில் ஏற்றினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெறும்போது 90 வயதைத் தாண்டியிருந்தார். 2022 அக்டோபரில் மறையும் வரை ஊர் அவரை வில்லோடு சேர்த்துத்தான் நினைத்தது. கொங்கு நாட்டிலும் ஒருவர். மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்ரப்பன் வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வயது 87. ஆண்கள் மட்டுமே ஆடிய அந்தக் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். முதுமை என்றால் பழமையைப் பிடித்துத் தொங்குவது என்று நினைக்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

சரி, இவர்கள் வாழ்நாள் முழுவதும் கலைஞர்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கும் பெரியவர், ஐம்பது வருடம் பீடி சுற்றிய ஆச்சி, இவர்களுக்கு முடியுமா? கேட்டால் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். “இந்த வயசுல எனக்கு எதுக்குய்யா வேஷம்? ஊரு சிரிப்பா சிரிக்கும்லா.” அதற்கு அடுத்தது, “எனக்கு ஒண்ணும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்குய்யா.”

ஞாபகத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். அமெரிக்காவில் ஹெல்கா நாய்ஸ், டோனி நாய்ஸ் என்ற கணவன் மனைவி நடிகர்களின் ஞாபகசக்தியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். நல்ல நடிகர் வசனத்தை உருப்போடுவதில்லை. இந்த ஆள் இதை ஏன் சொல்கிறான், எதிரில் இருப்பவரிடம் எதை எதிர்பார்த்துச் சொல்கிறான் என்று பிடித்துக்கொள்கிறார். வசனம் தானாகவே வருகிறது. இந்த முறையை 60 வயதைக் கடந்த சாதாரண மனிதர்களுக்கு நான்கு வாரம் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய ஞாபகத் திறன் தேறியது. ஆக, மறதி வருகிறது என்பது நாடகத்துக்கு வராமல் இருக்கக் காரணம் ஆகாது. வருவதற்கு அதுவே ஒரு காரணம். வாஷிங்டனில் ஜீன் கோஹன் என்ற மனநல மருத்துவர் சேர்ந்திசைக் குழுவில் பாடிய முதியவர்களைக் கவனித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார். சராசரி வயது ஏறத்தாழ 80. பாடாதவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் மருத்துவரிடம் போனதும் குறைவு, கீழே விழுந்ததும் குறைவு.

ஊர் சிரிக்குமே என்ற பயத்துக்கு ஜப்பான் பதில் சொல்லியிருக்கிறது. யுகியோ நினகாவா அந்த நாட்டின் மிகப் பெரிய நாடக இயக்குநர். 2006இல், தம் 70ஆவது வயதில், சைத்தாமா என்ற இடத்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே ஒரு குழுவைத் தொடங்கினார். கோல்டு தியேட்டர் என்று பெயர். நடித்துப் பழகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள், ஐம்பது பேருக்குள்தான் எடுக்க முடிந்தது. வெளிநாடுகளுக்கும் போய் நடித்தது அந்தக் குழு. அனுதாபத்துக்காக யாரும் கைதட்டவில்லை. ஒரு அறுபது எழுபது வருட வாழ்க்கை மேடையில் வந்து நிற்பதைப் பார்க்கத்தான் மக்கள் வந்தார்கள். 2021 வரை அது நடந்தது.

முதியவர் கலை நிகழ்த்துவது குற்றாலத்துக்குப் புதிதும் இல்லை. ரசிகமணி டி.கே.சி. அறநிலையத்துறை ஆணையராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு குற்றாலத்தில் வந்து தங்கினார். 1882இல் பிறந்தவர், ஆகவே குற்றாலத்து நாட்கள் அவருடைய அறுபதை ஒட்டியும் அதைக் கடந்தும் வந்த நாட்கள். அங்கே அவர் செய்தது என்ன? கம்பன் பாட்டை எடுப்பார். சொல்லைச் சொல்லாக நிறுத்தி, பாவம் காட்டிப் பாடிச் சொல்வார். ராஜாஜி, கல்கி போன்றவர்கள் முன்னால் உட்கார்ந்து கேட்டார்கள். தனி ஒருவராக நடத்திய அரங்கம் என்றே நான் அதைச் சொல்வேன். திரை கிடையாது, ஒப்பனை கிடையாது, வயதான ஒருவரும் ஒரு பாட்டும்தான்.

பக்கத்து மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய குற்றாலக் குறவஞ்சியை 1944இல் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா நாட்டிய நாடகமாக்கியது. சென்னையில் ஆடிப் புகழ்பெற்ற அந்த நூலை நம் ஊர் ஆச்சிமார் ஏன் தொடக்கூடாது? குறத்தி வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்லும் பகுதி உட்கார்ந்தே நடப்பது. ஊர் ஊராகப் போய் மனித முகங்களைப் படித்துப் பழகிய பெண்ணின் பேச்சு அது. அறுபத்தைந்து வயது ஆச்சி ஒருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்து இளம் பெண்ணின் கையைப் பிடித்தால் அதன் கனமே வேறு.

நடைமுறைக்கு வருவோம். பத்துப் பேர் சேர்ந்தால் போதும். ஒத்திகை காலை பத்து மணிக்கு மேல் இருக்கட்டும். கொடை மாதிரி விடிய விடிய வேண்டாம், முக்கால் மணி நேரம் தாராளம். கைப்பிடி வைத்த நாற்காலி, பக்கத்தில் தண்ணீர், சட்டையில் மாட்டும் சின்ன மைக், மேடைக்குப் படி இருந்தால் பிடித்து ஏறக் கம்பி, எட்டுகிற தூரத்தில் கழிப்பறை. இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லக் கூச்சப்படக்கூடாது. அது இல்லாததாலேயே பல பெண்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. கதைக்கு எங்கும் அலைய வேண்டாம். நெற்கட்டும்செவல் பூலித்தேவன் இருக்கிறார். கழுகுமலை முருகனுக்குக் காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இருக்கிறார். இஸ்லாமியப் பெரியவர்களுக்குக் கிஸ்ஸாக் கதையும் முனாஜாத்துப் பாட்டும் தெரியும். முளைப்பாரிக் கும்மிக்கு இன்றைக்கும் முதல் அடி எடுத்துக் கொடுப்பது வயதான பெண்கள்தான். அவர்களுடைய சொந்தக் கதையே இருக்கிறது: பீடிக் கடைக்குத் தட்டைச் சுமந்து போன கதை, குளம் உடைந்த வருடத்துக் கதை. பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் ‘ஆமா’ போட ஆள் கிடைத்துவிடும்.

அரசிடமும் ஒரு வேண்டுகோள். நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. அது அவசியம். ஆனால் பணம் மட்டும் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்வது கலைஞனுக்குப் போதாது, அவனுக்கு முன்னால் ஆட்கள் வேண்டும். குற்றாலத்தில் சாரல் விழா நடக்கும்போது, அங்கே உள்ள கலைவாணர் அரங்கத்தில் ஒரு மாலைப் பொழுதை, இருட்டுவதற்கு முன்பான நேரத்தை, 60 வயது கடந்தவர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும். தொழில்முறைக் கலைஞர் பாதி, புதிதாக மேடை ஏறுகிறவர் பாதி. மாவட்ட நிர்வாகம் மனது வைத்தால் பெரிய செலவு இல்லாத காரியம்.

கடைசியாக உங்களிடம். தமிழ்நாடு அரசின் மாவட்டக் கலை மன்றங்கள் வயது வாரியாக விருது வழங்குகின்றன. 18 வயது வரை கலை இளமணி. அதில் தொடங்கி, 66 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கலை முதுமணி. உங்கள் தெருவில் வில்லடித்த பெரியவர், மகுடம் அடித்த பெரியவர், நாடகத்தில் ராஜபார்ட் கட்டியவர் யாராவது இருப்பார். விண்ணப்பம் போட வேண்டும் என்று அவராகக் கேட்க மாட்டார். கலை பண்பாட்டுத் துறை அறிவிப்பு வரும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விவரம் கேட்டு, நீங்களே எழுதிக் கொடுங்கள்.