அண்டார்டிகாவும் என் அக்கியும்
(நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் போன வருடம் எனக்கு அக்கி வந்தது. ஏன் வந்தது என்று தேடிப் படிக்கப் போய், அண்டார்டிகா வரை போய்விட்டேன்.

அங்கே நம் நாட்டுக்கு மைத்ரி, பாரதி என்று இரண்டு ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. மைத்ரி 1989லும் பாரதி 2012லும் செயல்படத் தொடங்கின. குளிர்காலம் முழுக்க ஒரு சிறு குழு மட்டும் அங்கே தங்கும். கப்பல் வராது, புது மனிதர் வரமாட்டார். மைத்ரியில் சுமார் 2 மாதம் சூரியனே உதிக்காது.

புது ஆள் வராத இடத்தில் ஜலதோஷம் வரக்கூடாது அல்லவா? 1969ல் அடிலெய்டு தீவில் இருந்த பிரிட்டிஷ் நிலையத்தில் 12 பேர் இருந்தார்கள். 17 வாரம் வெளியாள் முகமே பார்க்காத நிலையில், அவர்களில் 6 பேருக்கு ஜலதோஷம் பிடித்தது!

பிற்பாடு ஆஸ்திரேலிய நிலையங்களில் குளிர்காலம் தங்கியவர்களின் எச்சிலைச் சோதித்தார்கள். நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சின்ன வயதிலிருந்தே தூங்கிக் கிடக்கும் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ், அந்தத் தனிமைக் காலத்தில் விழித்து எச்சிலில் அதிகம் தென்பட்டது. எதிர்ப்பு சக்தியை அளக்கும் தோல் சோதனையிலும் பலருக்குப் பலவீனம் தெரிந்தது. மைத்ரியில் தங்கிய நம்மவர்களின் ரத்தத்தை நமது பாதுகாப்புத் துறை விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோதும், எதிர்ப்பு சக்தியில் மாற்றங்கள் இருந்தன.

நிலையத்துக்குள் கதகதப்பாகத்தான் இருக்கும். ஆகவே குளிர் மட்டும் காரணமில்லை. தனிமை, மனஅழுத்தம், கெட்டுப்போன தூக்கம், வெயில் படாத உடம்பு எல்லாம் சேர்ந்துதான் காவலைத் தளர்த்துகின்றன என்கிறார்கள்.

வங்கியில் செயல்படாத கணக்கு என்று ஒன்று உண்டு. வருடக்கணக்கில் வரவு செலவு இருக்காது, ஆனால் கணக்கு மூடப்படவில்லை. சின்ன வயதில் அம்மை போட்ட வைரஸும் அப்படித்தான் நரம்பில் கிடக்கிறது. காவல் தளர்ந்தால் அக்கியாக வெளியே வரும்.

என் கதையும் அதுதான். வீட்டுக்காரம்மா போன பிறகு நாலு மாதம் நான் கதவைத் திறக்கவில்லை. பால் பாக்கெட் எடுக்க மட்டும் கை நீட்டுவேன். ராத்திரி தூக்கம் கிடையாது. கம்பைநல்லூரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனாலும் என் வீட்டுக்குள் அண்டார்டிகாதான். ஒருநாள் விலாவில் எரிச்சல், அப்புறம் கொப்புளம். காவிக்கல் தடவி அக்கி எழுதிக்கொண்டு அஞ்சு நாளைப் போக்கினேன். டாக்டர், "மூன்று நாளுக்குள் வந்திருந்தால் மாத்திரை நன்றாக வேலை செய்திருக்கும்" என்றார். அந்த வலி இன்னும் முழுசாக விடவில்லை.

அதனால் மூன்று வேண்டுகோள். கொப்புளம் கண்டால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். 50 வயது தாண்டியவர்கள் அக்கித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். விலை கொஞ்சம் அதிகம்தான். மூன்றாவது, நம் கட்டடத்தில் எந்தக் கதவாவது இரண்டு நாள் திறக்காமல் இருந்தால் தயவுசெய்து தட்டுங்கள். என் கதவைத் தட்டியது எதிர்வீட்டுப் பாப்பாதான். பந்து உள்ளே விழுந்துவிட்டதாம்.