ஏழையர் ஏடுகள்



அரசர்தம் முன்னோரை அறிவது எளிது. கல்லும் செம்பும் அவர்கள் பெயரைச் சுமந்து நிற்கின்றன. ஏழையின் பாட்டனாரை எங்கே தேடுவது? இங்கிலாந்து நாட்டில் இவ்வினாவுக்கு விந்தையான விடை ஒன்றுண்டு. அவரை மிகவும் தாழ்வாக நடத்திய இடத்திலேயே தேடவேண்டும்.

1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தின்படி, பல ஊர்கள் சேர்ந்து ஒன்றியங்களாகி, ‘ஒர்க்ஹவுஸ்’ எனப்படும் ஏழையர் பணிமனைகளை நடத்தின. வேறு கதியற்றவரே வரவேண்டும் என்று கருதி, அங்கு வாழ்க்கையை வேண்டுமென்றே கடுமையாக்கினர். கணவன் ஒருபுறம், மனைவி ஒருபுறம், மக்கள் ஒருபுறம் என்று பிரித்தனர். ஆயினும், செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தமையால், ஒவ்வொருவர் பெயரும், வந்த நாளும், சென்ற நாளும் ஏட்டில் ஏறின. 1868ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகச் சமயப் பதிவேடும் ஏற்பட்டது. அதில் உறவினர் பெயரும் சில வேளைகளில் கிடைக்கும்.

பணிமனையைச் சார்ந்த மருத்துவ விடுதி, நாளடைவில் சுற்றுவட்டாரத்து ஏழைகளின் மருத்துவமனையாகவே ஆகிவிட்டது. ஆகவே, ஒருவர் பெயர் அங்கே காணப்பட்டால் அவர் இரந்துண்டவர் என்று முடிவு கட்டலாகாது. காய்ச்சலுக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ வந்தவராக இருக்கலாம். அங்குப் பிறந்த குழந்தைக்கு அது வாழ்நாள் இழுக்காகக் கூடாதென்று, 1904 முதல் பிறப்புச் சான்றில் பணிமனையின் பெயரை விடுத்துத் தெருவின் பெயரை மட்டும் குறிக்கலாயினர். தேடுவோர் அம்முகவரியைக் கண்டு ஏமாறுதல் உண்டு.

இனி, குடிமதிப்பு. 1801இல் தொடங்கிய அது, 1841இல்தான் நாடெங்கும் பெயர்களைத் தாங்கியது. அவ்வாண்டு, பதினைந்துக்கு மேற்பட்ட வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதப் பணித்தனர். 34 வயதினர் 30 ஆயினர். பதிவேடு எழுதிப் பழகிய ஆசிரியனாகிய என்னால் இக்குறுக்கு வழியை மன்னிக்க இயலவில்லை! 1851இல் பிறந்த ஊரும் உறவுமுறையும் சேர்ந்தன. பணிமனைவாசிகளைச் சில இடங்களில் பெயரின் முதலெழுத்துகளாலேயே குறித்தனர். அங்கே வயதையும் பிறந்த ஊரையும் கொண்டு பணிமனைச் சேர்க்கை ஏட்டோடு ஒப்பிட்டால் ஆள் புலப்படுவார். 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942இல் தீக்கிரையாயின. 1941இல் போரின் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை.

ஏடு எவ்வளவு சொல்லும்? 1898ஆம் ஆண்டு, சார்லி சாப்ளினின் தாய் லண்டன் லாம்பெத் பணிமனையில் இருந்தார். அவருடைய இரு பிள்ளைகள் ஏழைச் சிறுவர் பள்ளியில் இருந்தனர். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், தாம் வெளியேறுவதாக அறிவித்து, அவ்வம்மையார் மக்களையும் வரவழைத்துக்கொண்டார். மூவரும் கென்னிங்டன் பூங்காவில் செர்ரிப் பழம் தின்று, செய்தித்தாளைச் சுருட்டிப் பந்தாடி, மாலையில் பணிமனைக்கே திரும்பினர். அலுவலர்கள் சினந்துகொண்டே மீண்டும் அவர்களைப் பதிந்தனர். ஏட்டில் இருப்பது, சென்றனர், அன்றே வந்தனர் என்பது மட்டுமே. பூங்காவும் பழமும் சாப்ளின் 1964இல் வெளியிட்ட தன்வரலாற்றினால் நமக்குத் தெரிகின்றன.