மறக்க மாத்திரை வேண்டாம், மாற்றச் சங்கம் வேண்டும்!

(திருத்தணியில் ஆலைத் தொழிலாளர், தறித் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



போதையைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இந்த விஷயத்தைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் குடிகாரனை நாலு வார்த்தை திட்டிவிட்டு, கை கூப்பிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் அதற்காக வரவில்லை. போதையை விற்பது யார்? லாபம் யாருக்கு? விலை கொடுப்பது யார்? இந்தக் கணக்கை உங்களோடு உட்கார்ந்து பார்க்கவே வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு கதை. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஆடுகிறார்களே, அந்த விளையாட்டுகளில் ஒன்று ‘வீ ஹாப்பி ஃபியூ’. கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று 2018-ல் வெளியிட்டது. 1964-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு நகரம் என்று கற்பனை. யுத்த காலத்தில் அந்த ஊர் ஜனங்கள் ஜெர்மானியப் படைக்குப் பயந்து தாங்கள் பெற்ற பிள்ளைகளையே ஒப்படைத்துவிட்டார்கள். அதை நினைத்துப் பார்க்கச் சகிக்காமல் ‘ஜாய்’ என்ற சந்தோஷ மாத்திரையைத் தின்கிறார்கள். தின்றால் ஞாபகம் போய்விடும். இடிந்த வீதி வானவில்லாகத் தெரியும். எல்லோர் முகத்திலும் சிரிப்பு முகமூடி. தின்ன மறுப்பவனை ஊரே கூடி அடித்து விரட்டும். அந்த ஊரில் ஒருவனுக்குப் பழைய பத்திரிகைகளில் துக்கச் செய்திகளை நீக்குவதுதான் உத்தியோகம். ஒரு நாள், தானும் தன் அண்ணனும் இருக்கும் பழைய படம் அவன் கண்ணில் படுகிறது. அன்று அவன் மாத்திரையைத் தின்னவில்லை. அன்றே அவன் ஊருக்கு விரோதி ஆகிவிடுகிறான்.

இது கற்பனை. ஆனால் துன்பத்தைப் போக்காமல் துன்பத்தின் நினைப்பை மட்டும் போக்குகிற சரக்கு கற்பனை அல்ல. நம் ஜனங்களுக்கு அதை முதலாளிகள் வாயில் ஊற்றியே பார்த்திருக்கிறார்கள்.

தோட்டத்துக் கள்ளுக்கடை

வெள்ளைக்காரன் காலத்தில் மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கான கூலி ஜனங்கள் கப்பல் ஏறினார்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து அதிகம் பேர். நம் திருத்தணியும் 1911 வரை வட ஆற்காட்டு ஜில்லாவில்தான் இருந்தது. அவர்கள் வேற்று ஜனங்கள் அல்லர். நம் பாட்டன், பாட்டிகளின் கூடப்பிறந்தவர்கள்.

அந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் சரியாக இல்லை. ஆஸ்பத்திரி சரியாக இல்லை. ஆனால் கள்ளுக்கடை இருந்தது. சர்க்கார் லைசென்ஸ் கொடுத்தது, தோட்ட நிர்வாகம் கடை நடத்தியது. விடியுமுன் எழுந்து பால் வெட்டி, உடம்பு ஒடிந்து வருகிறவனுக்கு மாலையில் கள். கூலி கொடுத்த கைக்கே கூலி திரும்பிப் போயிற்று. குடித்துவிட்டுப் படுத்தவன் மறுநாள் சம்பளத்தைப் பற்றிக் கேட்கமாட்டான் அல்லவா?

ஆனால் கேட்டார்கள், தோழர்களே! 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்த ஆர். எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அவர்களுடைய கோரிக்கைகளைக் கேளுங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. 10 மணி, 12 மணி நேர வேலை ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு. சரியான வைத்தியம். பெண்களை மானபங்கம் செய்வது நிற்க வேண்டும். துரைக்கு முன்னால் சைக்கிளில் போக உரிமை. சங்கம் வைக்க உரிமை. இவற்றோடு ஒன்றாக, கள்ளுக்கடைகளை மூடு!

கூலி, வேலை நேரம், பெண்ணின் மானம், சங்க உரிமை, கள்ளுக்கடை மூடல் ஆகிய எல்லாவற்றையும் அவர்கள் ஒரே பட்டியலில் வைத்தார்கள். நமக்கு இதுதான் பாடம். கள்ளுக்கடை அவர்களுக்குத் தனி ஒழுக்கப் பிரச்னையாகப் படவில்லை. சுரண்டலின் ஒரு கருவியாகப் பட்டது. துரைமார்களுக்கும் அது புரிந்தது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் மாண்டார்கள்.

போராட்டம் மாளவில்லை. யுத்தம் முடிந்தபின் 1946, 1947 ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்று அமைத்துக்கொண்டு, அதே தொழிலாளிகள் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். தடியடி பட்டார்கள், சிறை போனார்கள்.

வலிக்கு மாத்திரை, ஓய்வுக்கு இல்லை

அது அந்தக் காலம் என்று நினைக்கிறவர்கள், இந்தக் காலத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு வாருங்கள். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 100 பேரிடம் விசாரித்து எழுதினார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால் மேற்பார்வையாளர் ஒரு மாத்திரை கொடுக்கிறார். மாத்திரைக்குப் பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. என்ன மருந்து, பின்னால் என்ன கெடுதல் வரும் என்று யாரும் சொல்லவில்லை. விழுங்கிவிட்டு மிஷினில் உட்கார வேண்டும்.

அது மயக்கம் தரும் போதை மருந்தல்ல, சாதாரண வலி மருந்து வகைதான். ஆனால் வேலை செய்யும் தத்துவத்தைப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது அரை மணி ஓய்வு, உட்கார ஒரு அறை, போய்வர ஒரு கழிப்பிடம். ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையும். மாத்திரை கொடுத்தால் உற்பத்தி குறையாது. ஆகவே மாத்திரை! வலி என்பது உடம்பு போடும் கோஷம். முதலாளி அந்தக் கோஷத்தின் வாயை அடைக்கிறான், காரணத்தைத் தொடுவதில்லை.

வேலை நேரம் நீள நீள இந்த வியாபாரம் வளரும். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. அந்த ஆண்டு மே தினத்தன்றே அது வாபஸ் என்று அறிவிக்க நேர்ந்தது. 12 மணி நேரம் நின்று வேலை செய்கிறவன் மாலையில் எதைத் தேடிப் போவான் என்பதைக் கிள்ளான் தோட்டம் நமக்கு முன்பே சொல்லிவிட்டது.

மாத்திரை எப்படிப் பிடிக்கிறது?

நம் வாலிபர்கள் சிலர் வலி மாத்திரையையே போதைக்குத் தின்கிறார்கள். கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடுமையும் நடக்கிறது. இவை அபின் இனத்து மருந்துகள். ‘டிராமடால்’ என்ற மாத்திரையை மத்திய சர்க்கார் 2018-ல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. வியாபாரிகள் ‘டாபென்டடால்’ என்ற வேறொன்றுக்குத் தாவினார்கள்.

நமது மூளை, வலியை ஆற்றும் பொருள் ஒன்றைத் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து அதே வேலையைச் செய்யும் மாத்திரை தினம் வந்தால், உடம்பு அதற்குப் பழகிப்போகிறது. முதலில் ஒன்று தின்றவனுக்கு இப்போது மூன்று வேண்டும். பிறகு சந்தோஷம் போய்விடும். சும்மா நிற்பதற்கே மாத்திரை வேண்டும். நிறுத்தினால் எலும்பெல்லாம் வலிக்கும், வயிறு கழியும், தூக்கம் வராது. இரவல் ஊசியில் மஞ்சள்காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் ஏறும். இது நோய், தோழர்களே. இதற்கு வேண்டியது வைத்தியம்.

உலகத்திலேயே பணக்கார நாடு என்கிற அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். பர்டூ பார்மா என்ற கம்பெனி 1996-ல் ‘ஆக்சிகான்டின்’ என்ற வலி மாத்திரையை விற்பனைக்கு விட்டது. அடிமைப்படுத்தும் அபாயம் குறைவு என்று டாக்டர்களிடம் பிரசாரம் செய்தது. மேற்கு வர்ஜீனியா போன்ற நிலக்கரிச் சுரங்கப் பிரதேசங்களில், முதுகு ஒடிந்த சுரங்கத் தொழிலாளிகளிடையே அது தீயாகப் பரவியது. ஆயிரமாயிரம் குடும்பங்கள் நாசமாயின. 2007-லும் 2020-லும் கம்பெனி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் முதலாளிக் குடும்பம் கோடி கோடியாகச் சேர்த்துவிட்டது. சுரங்கக்காரனின் முதுகுவலி அப்படியே இருந்தது.

365 படிக் கணக்கு

இப்போது நம் ஊருக்கு வருவோம். அசதிக்கு ஒரு கட்டிங் என்று தொடங்குகிறது. ஒரு நாளைக்கு 150 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மலைக்கு 365 படி, ஆண்டுக்கு 365 நாள். படிக்கு 150 ரூபாய் வைத்துக்கொண்டே ஏறினால் உச்சியில் 54,750 ரூபாய். தறிக்காரனோ கரும்பு வெட்டுகிறவனோ இவ்வளவு பணத்தை ஒருசேரக் கையில் பார்த்தது உண்டா? அந்தப் பணம் வீட்டிலிருந்து போயிற்று. பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து, மனைவியின் வைத்தியத்திலிருந்து போயிற்று.

எங்கே போயிற்று? 2003-ல் சில்லறை மது விற்பனை முழுவதையும் சர்க்காரே டாஸ்மாக் வழியாக எடுத்துக்கொண்டது. 2003-04-ல் அதன் வருமானம் 3,639 கோடி ரூபாய். 2023-24-ல் 45,855 கோடி ரூபாய்! எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கணக்கு ஏறிக்கொண்டே வந்தது. பெரும் பணக்காரனிடம் வாங்க வேண்டிய வரியை ஏழையின் தொண்டையில் வசூலிப்பது இது. சரக்கைக் காய்ச்சி விற்கும் ஆலை முதலாளிக்கும் இதிலே பங்கு.

இதைவிட மலிவாக வேண்டும் என்கிறவனுக்குச் சாவு காத்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால், தொழிற்சாலை உபயோகத்துக்கான ரசாயனம். அது உடம்புக்குள் போனால் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கருக்கும், உயிரைக் குடிக்கும். செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். சாராய வியாபாரி ஒரு வர்க்கத்தின் சாவையும் வியாபாரமாகவே பார்க்கிறான்.

சட்டம் மட்டும் போதுமா?

மதுவிலக்குச் சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். இந்த மண் அதையும் பார்த்திருக்கிறது. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1938-ல் சித்தூர் ஜில்லாவுக்கும் அது வந்தது. அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. கள் வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி போட்டார்கள். 1948-ல் ராஜதானி முழுவதும் மதுவிலக்கு. 1971-ல் எடுத்தார்கள், 1974-ல் மறுபடி கொண்டுவந்தார்கள், 1981-ல் மறுபடி எடுத்தார்கள். மேலேயிருந்து வந்த சட்டம் மேலேயே போயிற்று. கீழே உழைப்பாளியின் வாழ்வு மாறாததால் கள்ளச்சாராயமும் கூடவே இருந்தது.

ஆனால் எல்லைக்கு அப்பால், நெல்லூர் ஜில்லாவில் தூபகுண்டா என்ற கிராமத்தில் 1992-ல் நடந்தது வேறு. அறிவொளி வகுப்புக்கு வந்த விவசாயக் கூலிப் பெண்கள் எழுத்தோடு கணக்கையும் படித்தார்கள். புருஷன் கூலி சாராயக்கடைக்குப் போகும் கணக்கு அது. ரோசம்மா முதலான பெண்கள் துடைப்பத்தோடு கிளம்பினார்கள். சாராய வண்டியை ஊருக்குள் விடவில்லை. ஒரு கிராமத்து நெருப்பு ஆந்திரம் முழுவதும் பரவியது. 1993-ல் சாராயத்துக்குத் தடை வந்தது, 1995-ல் முழு மதுவிலக்கே வந்தது. 1997-ல் ஆட்சியாளர்கள் வருமானத்தைக் காட்டி அதை விலக்கிக்கொண்டார்கள். ஜனங்கள் திரண்டு நின்றபோது கடை மூடியது. திரட்சி தளர்ந்தபோது திறந்தது. இரண்டையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, குடிக்கு அடிமையான தோழனைச் சங்கத்திலிருந்து தள்ளாதீர்கள். கேலி பேசாதீர்கள். அவன் நம் ஆள். பல ஆண்டு தினசரி குடித்தவன் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 14446 என்ற சர்க்கார் தொலைபேசி எண்ணில் யோசனை கேட்கலாம். போதை மீட்பு வைத்தியம் தாலுகா ஆஸ்பத்திரி வரை இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று நாம் போராட வேண்டும்.

இரண்டாவது, பெயர் தெரியாத மாத்திரையை எந்த ஆலையிலும் விழுங்காதீர்கள். என்ன மருந்து, யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள். ஒருத்தி கேட்டால் வேலை போகலாம். லயனில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து கேட்டால் ஓய்வறையும் நர்ஸும் வரும்.

மூன்றாவது, குடியிருப்புக்கும் பள்ளிக்கும் பக்கத்திலுள்ள கடையை எடுக்கும்படி கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். பெண்கள் முன்னால் நிற்கட்டும், ஆண்கள் பின்னால் ஒளியாமல் பக்கத்தில் நிற்கட்டும். கடையில் விற்கும் ஊழியரும் தொழிலாளிதான். அவருக்கு மாற்று வேலை கேட்பதும் நம் கோரிக்கையே.

நாலாவது, இவை எல்லாவற்றுக்கும் வேராக, 8 மணி நேர வேலை, குடும்பம் பிழைக்கும் கூலி, வாரம் ஒரு நாள் ஓய்வு. இவை இல்லாமல் போதை ஒழிப்பு என்பது சுவரொட்டியோடு நின்றுவிடும்.

தோழர்களே! அந்த விளையாட்டுக் கதையில் ஒருவன் தனியாக மாத்திரையை மறுத்தான், ஊர் அவனை அடித்தது. கிள்ளான் தோட்டத்திலும் தூபகுண்டாவிலும் ஊரே சேர்ந்து மறுத்தது, தூபகுண்டாவில் கடைக்காரன் ஓடினான். நமக்குச் சந்தோஷம் வேண்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? நிறைந்த வயிறும், படிக்கும் பிள்ளையும், அசதி தீரத் தூக்கமும் தரும் சந்தோஷம் வேண்டும். அது எந்தக் கடையிலும் விற்கவில்லை. ஒன்றுபட்டு நின்று வாங்க வேண்டிய பொருள் அது.

நாளை காலை ஷிப்டுக்குப் போகும்போது பக்கத்துத் தோழனிடம் இதைச் சொல்லுங்கள். சங்கத்தில் சேராதவரைச் சேருங்கள்!