பிள்ளை பார்க்கப் போனால் தாயையும் கேளுங்கள்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். டாக்டர் பேச வேண்டியதை இவர் ஏன் பேசுகிறார் என்று நினைப்பீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வில் டாக்டருக்கு ஒரு பங்கு என்றால், வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த இரண்டாவது பங்கைத்தான் சொல்லப் போகிறேன்.

பிரசவமான மூன்று, நான்கு நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பல தாய்மாருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அதைத் தாண்டியும் சோகம், எதிலும் பிடிப்பில்லாமை, பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமை என்று நீடித்தால், அதை நோயாகப் பார்க்க வேண்டும். திமிரும் அல்ல, காத்து கருப்பும் அல்ல.

நம் தமிழ்நாட்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பார்த்து, பிரசவமான 6 முதல் 12 வாரத்தில் 301 பேரை மறுபடி பார்த்தார்கள். முடிவு 2002-ல் வெளியானது. புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 100-க்கு 11 பேர். யாருக்கு அதிகம் வந்தது? வருமானம் குறைந்தவர்களுக்கு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தவர்களுக்கு, மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாதவர்களுக்கு, வேலைக்குக் கைத்துணை இல்லாதவர்களுக்கு.

இதில் எதிர்பார்ப்பு என்ற ஒன்றைக் கவனியுங்கள். ஆண் பிள்ளை வேண்டும் என்பது பல வீடுகளில் அவள் ஆசை மட்டும் அல்ல, நம் ஆசையும்தான். இன்னும் எத்தனையோ உண்டு. சுகப்பிரசவம் ஆகணும், பால் நிறையச் சுரக்கணும், பிள்ளையைப் பார்த்ததும் பாசம் பொங்கணும். இதில் ஒன்று குறைந்தாலும், "நான் நல்ல தாய் இல்லை" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை வெளியே சொல்லவும் வெட்கம். உள்ளேயே வைத்துக் குமைகிறாள்.

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. கணவன் திருப்பூரிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போயிருப்பான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தால், அந்த அம்மாவும் கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். பச்சை உடம்புக்காரி பிள்ளையோடு பகலெல்லாம் தனியாக இருக்கிறாள். வேலூர் ஆய்வு சொன்ன வருமானக் குறைவும், துணையில்லாமையும் இங்கே சேர்ந்தே இருக்கின்றன.

நாம் என்ன செய்யலாம்? பிள்ளை பார்க்கப் போகிறோம். "பால் பத்தலையோ, பிள்ளை இளைச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். "அடுத்தது பையனா இருக்கும்" என்று ஆறுதலும் சொல்லாதீர்கள். "நீ சாப்பிட்டியாம்மா, தூங்குனியா, மனசு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பிள்ளையை வைத்துக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள். ஆண்களுக்கும் சொல்கிறேன்: மருமகளிடம் பேரன் கணக்குப் பேசுவதை நிறுத்துங்கள். வெளியூரில் இருக்கும் மகனிடம், போனில் பிள்ளையை மட்டும் காட்டச் சொல்லாமல் அவளிடமும் பத்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் சரியாகாவிட்டால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஆலோசனையிலேயே பலர் குணமாகிறார்கள். மருந்து தேவைப்பட்டாலும், பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மருந்து டாக்டரிடம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது. சாக வேண்டும் என்றோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ சொன்னாலும், இல்லாத குரல் கேட்கிறது என்றாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதுவரை அவளைத் தனியே விடக் கூடாது.

நம் தெருவில் அடுத்த தொட்டில் கட்டும் வீட்டிலிருந்தே இதைத் தொடங்குவோம்.